முப்பத்தொன்றாம் எண் வீட்டின் ஈரப்பதம்

ஜூன் 9, திங்கள்

களக் குறிப்பேடுகள் பன்னிரண்டு வந்தன. பதினொன்றுதான் தேவைப்பட்டது. மிச்சமானதில் இதை எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வு. வேலை இதுதான். எங்கள் பேரூராட்சியில் நாற்பது வீடுகளின் கழிப்பறைக் குழிகளைத் திறந்து, மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் கசடு எடுக்க வேண்டும். அதை லேபில் உலர்த்தி, எரித்து, எடை போட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இருபத்துமூன்று கேள்விகள் கொண்ட படிவம் நிரப்ப வேண்டும். மழைக்கு முன் ஒரு சுற்று, மழைக்குப் பின் ஒரு சுற்று. பொறியாளர் ரவூப் சார் சின்ன வயசுக்காரர். "ரெண்டு குழி ஒரே மாதிரி இருக்காதுக்கா. ஏன் இல்லைன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை" என்றார்.

கண்மாய்க்குத் தெற்கே கரிசல் மண், தண்ணீரை விடாது. அங்கே குழிகள் கூழாக இருக்கும் என்கிறார். வடக்கே செம்மண். தண்ணீர் இறங்கிவிடும், கசடு கெட்டியாக இருக்கும்.

வீடுகளைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். சீட்டு வந்த வரிசைதான் வீட்டு எண். எவர்சில்வர் டம்ளரில் சீட்டுகளைக் குலுக்கி என்னிடம் நீட்டினார்கள். எட்டாவது சீட்டில் எங்கள் வீடே வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சொந்த வீட்டுப் படிவத்தை நாமே நிரப்பக் கூடாதாம். கசடு எடுக்கும் கம்பியைப் பிடிக்க வரும் கொம்பையா அண்ணன் நிரப்புவார்.

முப்பத்தொன்றாவது சீட்டையும் நான்தான் பிரித்தேன். சூசையப்பர் தெரு, கடைசி வீடு. திரும்ப மடித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்திருக்கலாம். யாரும் கவனிக்கவில்லை. நான் சத்தமாக வாசித்தேன்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழு வீடுகள். ஒன்றில் நாப்கின், ஒன்றில் ஷாம்பு பாக்கெட்டுகள், ஒன்றில் ஒரு சாவிக்கொத்து. சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார்கள்.

ஜூன் 12, வியாழன்

31-க்குப் போனோம்.

வாசல் வழியாகப் போகவில்லை. கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. பக்கத்துச் சந்தில் நுழைந்தால் நேராக அங்கே போய்விடலாம். படியை மிதிக்க வேண்டியதில்லை.

அந்தப் படி விஷயத்தை எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், சித்திரையில், என் மகள் நிறைமதி எபினேசரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தப் பையன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் இல்லை. இவர், என் வீட்டுக்காரர், கண்மாயில் போய்த் தலைமுழுகிவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றார். "அவ படிய நீ மிதிச்சா, திரும்ப இந்தப் படிய மிதிக்காத. அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனாலும் அதேதான்" என்றார். நான் மிதிக்கவில்லை, பேசவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. அதையும் இங்கே எழுத வேண்டும்.

கொல்லைக் கதவைத் திறந்தவள் அவள்தான். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. நான் படிவத்தை எடுத்துக் கேள்விகளை வாசித்தேன். அவை கல்லூரி எழுதிய கேள்விகள். என் வார்த்தைகள் இல்லை.

"கழிப்பறையைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?"

"ரெண்டு."

"வயது?"

"அவுகளுக்கு இருபத்தெட்டு. எனக்கு..." என்று நிறுத்தினாள். "நீங்களே எழுதிக்கிறீங்களா, நான் சொல்லணுமா?"

"சொல்லணும்" என்றேன். படிவத்தில் இல்லாத வார்த்தை அது ஒன்றுதான்.

"இருபத்துநாலு."

கொம்பையா அண்ணன் மூடிக் கல்லை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கம்பியைக் கழுவிக்கொண்டே இருந்தார். கம்பி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பதினேழாவது கேள்வி: "வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர் யாரேனும் உண்டா?"

"உண்டு. கர்ப்பிணி ஒருத்தி."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"மூணு மாசம்" என்றாள்.

மாதம் எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். இருபத்துமூன்று கேள்விகள் முடிய ஒன்பது நிமிடம் ஆனது. மற்ற வீடுகளில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கசடு மூன்று குப்பிகளில்: 31 மேல், 31 நடு, 31 அடி. நிறம் கரும்பச்சை. தண்ணீராக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் வீட்டுக்குக் கொம்பையா அண்ணன் போய்வந்தார். இவர் வீட்டில் இருந்தாராம், பதில் சொன்னாராம். அண்ணன் படிவத்தை நேராக ரவூப் சார் மேஜையில் வைத்துவிட்டார். நான் இன்று முழுவதும் லேபில் இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

லேப் வேலை எனக்குப் பிடிக்கும். சின்னப் பீங்கான் கிண்ணத்தில் கசடு வைத்து, அடுப்பில் நூற்றைந்து டிகிரியில் ஒரு நாள் முழுக்க உலர்த்தினால் தண்ணீர் போய்விடும். பிறகு உலையில் ஐந்நூற்றைம்பது டிகிரி. மக்க வேண்டியதெல்லாம் எரிந்துவிடும். மிஞ்சுவது சாம்பலும் மணலும். ஒவ்வொரு முறையும் எடை போட்டுக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கழிப்பது எனக்கு நன்றாக வரும்.

உறவுக்காரர்களிடம் இவர், "லேப்ல வேலை பாக்குறா" என்று மட்டும் சொல்கிறார். எந்த லேப் என்று சொல்வதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

"31 அடி" கிண்ணம் கை தவறி உடைந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

எடுத்தோம். மறுபடி கசடு எடுத்தால் மறுபடி படிவமும் நிரப்ப வேண்டும் என்பது விதி. விதியை நான்தான் கொம்பையா அண்ணனுக்கு ஞாபகப்படுத்தினேன். "எல்லாருக்கும் மழைக்கு முன்னப் பின்னன்னு ரெண்டு சுத்து. இந்த வீட்டுக்கு மட்டும் மாசத்துக்கு ரெண்டு சுத்து" என்று சொல்லிச் சிரித்தார்.

"பயன்படுத்துவோர் எத்தனை பேர்?"

"அதே ரெண்டுதான். ரெண்டு வாரத்துல எங்க போயிருவாக?"

வாந்தி குறைந்திருக்கிறது போல. முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

"31 நடு" குப்பியின் லேபிள் மை கலைந்துவிட்டது. ரவூப் சார், "உங்க கை ஒருநாளும் தவறாதேக்கா" என்றார். நல்ல பையன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வியாழனன்று போய் மறுபடி எடுக்க வேண்டும்.

காஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் சுற்று முடிவுகளைச் சுவரில் ஒட்டினார்கள். ரவூப் சார் சந்தோஷமாக இருந்தார், ஒரு இடம் தவிர.

கரிசல் பக்கக் குழிகளில் ஈரப்பதம் எண்பத்தெட்டு, தொண்ணூறு. செம்மண் பக்கம் எழுபது, எழுபத்துநான்கு. அவர் எதிர்பார்த்தபடிதான். ஆனால் செம்மண் பக்கத்திலேயே சூசையப்பர் தெரு வீடுகள் மூன்றும், 12, 19, 31, எண்பத்தொன்பது காட்டுகின்றன. அதற்கு அடுத்த தெருவில் எழுபத்தொன்று. நடுவில் ஒரு சுவர்தான்.

"ஒரே மண்ணு. ஒரே ஆழம். ஆள் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இந்தத் தெரு மட்டும் ஏன் இப்படி ஈரமா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். விசாரித்து வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

31-க்குப் பக்கத்து வீடான 19-இல் இருப்பவர் ரோஸ்லின். ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் சொல்வார்.

"தண்ணி தாராளமா இருந்தா தாராளமா ஊத்தத்தான செய்வோம்? இந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு மணி நேரம் வருது. குளிக்கிறது, துவைக்கிறது, எல்லாம் கக்கூஸ்லயே. அடுத்த தெருவுல முக்கா மணி நேரத்துல நின்னுரும். அவுகளுக்கு எங்க மேல பொறாமை."

"எப்போதிருந்து?"

"மூணு வருசம் இருக்கும். அதுக்கு முன்ன நாங்களும் குடத்தத் தூக்கிக்கிட்டு அடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தோம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இது தலைப்பிரசவம். மாமியாக்காரி செத்துப்போச்சு. தாய் இருந்தும் இல்ல. பாவம், யாரு பாப்பா?" என்றார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்தும் சொல்லியிருக்கலாம்.

குறிப்பு எழுதிக்கொண்டேன்: தெருவின் நீர் வினியோகம் அதிகம்.

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் என் வீட்டுக்காரர் சிதம்பரநாதன். பதினோரு வருடமாக ஒவ்வொரு தெரு வால்வையும் திறந்து மூடுவது அவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாப்பிடும்போது கேட்டேன்.

"சூசையப்பர் தெருவுக்கு எவ்வளவு நேரம் தெறக்குறீங்க?"

"எல்லாத் தெருவுக்கும் முக்கா மணி."

"அங்க ரெண்டு மணி நேரம் வருதாம்."

ரசத்தை ஊற்றிக்கொண்டார். அப்பளத்தை நொறுக்கினார்.

"வால்வு பழசு. சரியா மூடாது" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஈரப்பத வேறுபாட்டுக்குக் காரணம்: வால்வு பழசு. எழுதி ரவூப் சாரிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மூன்று நாளாக மின்வெட்டு. அடுப்பு பாதியில் நின்றுவிட்டது. பதினான்கு கிண்ணங்களை மறுபடி உலர்த்த வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

லேபுக்கு ரப்பர் பேண்டு வாங்கக் கடைவீதிக்குப் போனேன். வளையல் கடை வழியில் இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கினேன். ஏழாம் மாதம் ஒற்றைப்படை, வளைகாப்புக்குச் சரியான மாதம். யாருக்கென்று கடைக்காரர் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்றேன். இப்போது அவை லேப் அலமாரியில், கிண்ணங்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இரண்டு பேருக்கு என்ன பலகாரம். ரவா லட்டு மட்டும் பிடித்தேன். இவர் இரண்டு தின்றார். மழை பெய்துகொண்டே இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

இரண்டாம் சுற்று. மழைக்குப் பிறகு எல்லாக் குழியும் மேலேறியிருக்கிறது. கரிசல் பக்கம் மூடிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நிற்கிறது. செம்மண் பக்கமும் கூழாகிவிட்டது. மழை எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது என்று கொம்பையா அண்ணன் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை, அடியில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்றேன்.

31-இல் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு முன்னால் வந்துவிட்டது. கால் வீங்கியிருந்தது. செருப்பு போட முடியாமல் பாதி மிதித்தபடி நின்றாள். உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

"பயன்படுத்துவோர் எத்தனை பேர்?"

"ரெண்டு."

"அடுத்த ஆறு மாதத்தில் எண்ணிக்கை மாற வாய்ப்பு உண்டா?" இது இரண்டாம் சுற்றில் புதிதாகச் சேர்த்த கேள்வி. ரவூப் சார் சேர்த்தார். நான் கேட்டுக்கொண்டதால் சேர்த்தார்.

"மாறும். எங்க மாறும்னு தெரியல" என்றாள். "ஆஸ்பத்திரில டிசம்பர் பத்துன்னு தேதி குடுத்துருக்காக. அதுக்கப்பறம் யாரு வந்து பாத்துக்குவாகன்னு கேட்டாக. யாருமில்லேன்னேன்."

கையெழுத்துப் போட நீட்டினேன். போட்டாள். சின்ன வயதிலிருந்து அதே சாய்ந்த கையெழுத்துதான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் பேறுகாலத்துக்கு என் வீட்டுக்கு வர வேண்டும். வெந்நீர் வைக்க வேண்டும், மருந்து அரைக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். எழுதினால் நான்கு வரிகூட வரவில்லை. மூன்று வருடமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ரவூப் சார் கூப்பிட்டார். திரையில் எங்கள் வீட்டுக் கணக்கு.

"அக்கா, எட்டாம் நம்பர் இடிக்குது. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு நாப்பது லிட்டர் கசடு சேரணும். எல்லா வீட்டுலயும் முப்பத்தெட்டு, நாப்பத்திரண்டுன்னு வருது. உங்க வீட்டுல இருபத்தேழுதான். குழி எப்ப எடுத்தது?"

"மூணு வருசம் முன்னாடி. வைகாசில."

அவள் போன மறுமாதம். லாரி வந்து அடி வரை உறிஞ்சி எடுத்துப்போனது. அன்றைக்கு அப்புறம் சேர்ந்தது எல்லாம் எங்கள் இரண்டு பேருடையது மட்டும். ஒரு அடிதான் ஏறியிருக்கிறது.

"ரெண்டு பேர்னா சரியா நாப்பது வருது. ஆனா படிவத்துல மூணுன்னு போட்டிருக்கே."

படிவத்தைக் காட்டினார். கொம்பையா அண்ணனின் கோணல் எழுத்து. ஜூன் பதின்மூன்று.

பயன்படுத்துவோர்: 3. ஆண் 54. பெண் 49. பெண் 24.

நான் படிவத்தை வாங்கி மேஜையில் வைத்தேன். திரும்ப எடுத்தேன். தப்பாகச் சொல்கிறவர் இருபத்தொன்று என்றுதான் சொல்லியிருப்பார், அவள் போனபோது இருந்த வயதை. வருடா வருடம் கூட்டியிருக்கிறார்.

"சரிபாத்துச் சொல்லுங்கக்கா" என்றார் ரவூப் சார். "மூணா, ரெண்டா?"

நவம்பர் 21, வெள்ளி

காலையில் இவர் தொட்டிக்குக் கிளம்பும்போது சொன்னேன்.

"படிவத்துல மூணு பேர்னு சொல்லியிருக்கீங்க. கணக்கு இடிக்குதாம்."

"கொம்பையா அவசரப்படுத்துனான். வாய் தவறிருச்சு."

"இருபத்துநாலு வயசுன்னு சொல்லியிருக்கீங்க."

வால்வு திருப்பும் இரும்புச் சாவியைச் சைக்கிளில் மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"போன மார்கழியோட இருபத்துநாலு" என்றார். "வர்ற மார்கழிக்கு இருபத்தஞ்சு."

"இப்ப ஒம்பதாம் மாசம்."

அவர் ஆச்சரியப்படவில்லை. அதையும் எங்கிருந்தோ தெரிந்துவைத்திருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தத் தெரு முனையில் இரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்.

"ரெண்டுன்னு திருத்திரவா?" என்று கேட்டேன்.

"எழுதுனத எதுக்கு அடிச்சுத் திருத்திக்கிட்டு" என்றார். சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

நான் வாசலில் நின்றேன். கோபம் வந்தது. மூன்று வருடம். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் அவரவர் திருட்டுத்தனத்தை ஒளித்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இவருக்கு வால்வு, எனக்குக் கிண்ணம். அவளுக்கு வேண்டியது இரண்டும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

லேபுக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு 31-க்குப் போனேன். கொம்பையா அண்ணன் இல்லை. கம்பி இல்லை, குப்பி இல்லை, படிவம் இல்லை. வளையல் பொட்டலம் மட்டும் பையில் இருந்தது.

சந்துக்குள் நுழையவில்லை. வாசல் வழியாகப் போனேன். இரண்டு படி. இரண்டாவது படி உடைந்து சிமெண்ட் பூசியிருந்தது. மிதித்தேன்.

கதவைத் திறந்தவள் என் கையைப் பார்த்தாள்.

"மறுபடியும் கிண்ணம் ஒடஞ்சுருச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

கேட்க எதுவும் கையில் எழுதி வைத்திருக்கவில்லை. அவள் கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"எப்பவும் நீதான கேப்ப. இன்னைக்கு நான் கேக்குறேன், பதில் சொல்லு" என்றாள். "உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு."

அவள் முகம் மாறியது. "யாரு சொன்னா?"

"உங்கப்பா. ஜூன் மாசமே சொல்லியிருக்காக. எழுத்துல இருக்கு. உன் வயசு மொதக்கொண்டு இருக்கு."

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். எபினேசரின் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கையில் பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டை.

"அவுகளும் வருவாக" என்றாள். "என்னை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயி அவுகள வாசல்ல நிக்க வச்சுப் பேசுறதுன்னா நான் வரல. இங்கயே பெத்துக்கிறேன்."

"வரட்டும்."

"அப்ப மூணு இல்ல. நாலு."

"எங்க குழில இன்னும் நாலடி கெடக்கு" என்றேன். "நாலு பேருக்கும் தாங்கும்."

அவள் சிரித்தாள். நான் என்ன சொன்னேன் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடம் கழித்து மகளிடம் பேசக் கிடைத்த பேச்சு இதுதான். அதற்குப் பிறகு அழுகை வந்தது. நின்றபடியே அழுதேன். அவள் எழுந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே வளையல் இருப்பது அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 26, புதன்

எட்டாம் எண் வீடு. ரவூப் சாருக்கு எழுதிக் கொடுத்தேன்: நேற்று வரை பயன்படுத்துவோர் இரண்டு. இன்று முதல் மூன்று. சனி, ஞாயிறு நான்கு.

மாப்பிள்ளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். இவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மாப்பிள்ளை தண்ணீரைக் குடித்தார்.

நிறைமதி உள்ளே படுத்திருக்கிறாள். ரசத்தில் உப்பைக் குறைத்தேன்.

சாயங்காலம் ரோஸ்லின் அவளுக்குப் போன் செய்தார். பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. "இதென்னடி அநியாயமா இருக்கு? இன்னைக்கு முக்கா மணி நேரத்துல தண்ணிய நிப்பாட்டிட்டாக!"

எங்கள் தெருவில் நாலு மணிக்குத் திறந்தார்கள். இப்போது ஆறரை. குடம், அண்டா, தொட்டி எல்லாம் நிறைந்துவிட்டது. குழாயில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வால்வு பழசு.